வண்டிமேல் வீடு

முதுகிலே வீட்டைச் சுமந்து திரிபவை நத்தையும் ஆமையுமே என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். மேற்கு ஆஸ்திரேலியாவைச் சென்று பார்த்தவர்கள் அந்தப் பட்டியலில் இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் காய்கறி ஏற்றுகிற பிக்கப் லோரி இருக்கிறதல்லவா, அதன் பின்பெட்டியின்மேல் சிறு அறையொன்றை ஏற்றிக் கட்டிக்கொண்டு அங்குள்ளோர் தேசசஞ்சாரம் செய்கின்றனர். வண்டி ஓடும்போது அவ்வறையின் கூரை தாழ்ந்து கிடக்கும். காற்றின் எதிர்ப்புக் குறைவு, எண்ணெயும் மிச்சம். நிறுத்திய இடத்தில் கூரையை உயர்த்தினால் ஆள் நிமிர்ந்து நிற்குமளவு எழும்பும். எழும்பிய இடைவெளியை நாற்புறமும் கித்தான் சுவர் மறைக்கும். உள்ளே ஒரு படுக்கை, ஓர் அடுப்பு, கைகழுவ ஒரு தொட்டி. இவ்வளவுதான் வீடு.

இத்தகைய வீடொன்று பெர்த் நகரில் என் தமக்கையார் இல்லத்து முற்றத்தில் தார்ப்பாயின்கீழ் மூன்றாண்டுகள் கிடந்தது. அது என் அத்தானுடையது. அவர் 2021-ஆம் ஆண்டில் காலமானார். அப்போது அந்த மாநிலத்தின் எல்லை அடைபட்டிருந்தது. 2022 மார்ச் 3-ஆம் தேதிதான் திறந்தார்கள். ஆகவே நான் இறுதிச் சடங்குக்குப் போகவில்லை என்று உறவினரிடம் சொல்லிவந்தேன். எல்லை திறந்திருந்தால் போயிருப்பேனா என்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விடை சொல்லத் திணறியிருப்பேன்.

விஷயம் யாதெனில், அத்தானுக்கும் எனக்கும் முப்பதாண்டுகளுக்கு மேலாகப் பேச்சு இல்லை. அவர் ஈப்போவில் பஸ் பட்டறையொன்றில் பிட்டராக இருந்தவர். 1987-இல் அக்காளை அழைத்துக்கொண்டு கடல் கடந்தார். 1991-இல் எங்கள் தாயார் இறந்தபோது இருவரும் ஒருநாள் பிந்தியே வந்து சேர்ந்தனர். அதை நான் மன்னிக்கவில்லை. இது வெளியே சொல்லிய காரணம். சொல்லாத காரணமொன்றும் உண்டு. பால்வெட்டுக்காரர் மகனாகப் பிறந்து தோட்டத்துக் கிராணியாக உயர்ந்தவன் நான். எண்ணெய்க் கறை பிடித்த கையை நீட்டி என் கையைக் குலுக்க வருகிற மனிதரை உறவென்று சொல்லிக்கொள்ளக் கூசினேன். பகுத்தறிவு பேசும் சங்கங்களில் உழைப்பின் உயர்வைப் பற்றி அதே காலத்தில் நான் பிரசங்கமும் செய்திருக்கிறேன் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

2024 ஏப்ரலில் அக்காள் அழைத்தார். "மழை தொடங்குமுன் வண்டி வீட்டைச் சீர்செய்ய வேண்டும், தம்பி. வந்து கூடமாட உதவு" என்றார். விற்கப் போகிறார் என்று எண்ணி, விலை பேசும் உத்தேசத்துடன் புறப்பட்டேன்.

தார்ப்பாயை எடுத்துப் பார்த்தோம். அலுமினியத் தகடுகளின் விளிம்பில் வெண்பொடி பூத்திருந்தது. கூரைமூலைகளில் பூசியிருந்த பழைய பசை சேற்றுநிலம்போல் வெடித்திருந்தது. கித்தான் சுவரில் கரும்பூஞ்சை. ஓட்டுநர் தலைக்குமேல் மூக்குப்போல் நீண்டிருக்கும் முன்பாகத்தின் அடியில் விரலால் அழுத்தினால் மெத்தென்று அமுங்கியது. மழையில் ஓடும் வண்டியின் முகத்தில் காற்று நீரை மோதியடிக்கிறது. முதலில் நீர் புகுவதும் மரம் உளுத்துப்போவதும் அந்த இடத்தில்தான்.

மறுநாள் அக்காள் கடைக்குச் சென்றிருந்த வேளையில், என் சாமர்த்தியத்தைக் காட்ட நினைத்துச் சிலிக்கோன் பசைக் குழல்கள் நான்கை வாங்கிவந்து, வெடித்த பசையின்மேலேயே மூலைமுடுக்கெல்லாம் பிதுக்கி விரலால் வழித்துவிட்டேன். தோட்டத்து லயத்தில் தகரம் ஒழுகினால் அப்பா தாரைக் காய்ச்சி ஊற்றுவார். அதுவும் இதுவும் ஒன்றென்பது என் எண்ணம். அக்காள் திரும்பிவந்து வாயிற்படியில் நின்றபடியே மூக்கைச் சுளித்தார். காடி நாற்றம் முற்றமெங்கும் வீசிற்று.

"சோற்றுப் பருக்கையால் கடிதம் ஒட்டுவதுபோல் ஒட்டி வைத்திருக்கிறாயே!" என்றார்.

பிறகு அவர் விளக்கியதை நான் ஒரு மாணவனைப்போல் நின்று கேட்டேன். அவ்வகைச் சிலிக்கோன் உலரும்போது வெளிவிடும் புளிப்பு உலோகத்தை அரிக்கும். அதைவிடக் கேடு, அது பட்ட இடத்தில் பிறகு வேறெந்தப் பசையும் பிடிக்காது. சிலிக்கோனின்மேல் சிலிக்கோனே நிற்காது. பழம்பசையின்மேல் புதுப்பசை பூசுவதோ, அழுக்குத் தலையில் எண்ணெய் வைப்பது போன்றதாம். அவருக்கு வயது 66. ஏணியை இழுத்துப்போட்டுத் தாமே ஏறினார். நான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டேன். நான் செய்த அலங்காரத்தைப் பிளாஸ்டிக் சுரண்டியாலும் ஸ்பிரிட் நனைத்த துணியாலும் நீக்க எங்கள் இருவருக்கும் இரண்டு முழு நாட்கள் பிடித்தன.

அதன்பின் முறையான வேலை தொடங்கிற்று. மூலைகளை மூடியிருந்த அலுமினியப் பட்டைகளைத் திருகாணி திருகாணியாகக் கழற்றினோம். சில ஆணிகள் பிடிமானமின்றிச் சுற்றிக்கொண்டே இருந்தன; ஆணி சும்மா சுற்றினால் அடியில் மரம் மாண்டுபோயிற்று என்று பொருள். குத்தூசியால் குத்திக் குத்தி உளுத்த எல்லையைக் கண்டு, மூக்குப்பகுதியில் ஏறத்தாழ இரண்டடிச் சட்டத்தை வெட்டியெடுத்துப் புதுச்சட்டம் பொருத்தினோம். அறுத்தது நான். அளந்ததும் பொருத்தியதும் அக்காள்.

பட்டைகளுக்கு அடியில் வைப்பது சாம்பல்நிற ரப்பர் நாடா; பியூட்டைல் என்று பெயர். அது என்றும் இறுகாது. வண்டி குலுங்கக் குலுங்க அதுவும் நெகிழ்ந்து கொடுக்கும். நாடாவை வைத்துப் பட்டையைத் திருகினால் ஓரங்களில் பிதுங்கும். ஒரே நாளில் முற்றும் இறுக்கிவிடலாகாது. இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டு இறுக்கி, பிதுங்கியதை வழித்தெடுக்க வேண்டும். இதற்குமேல் மேற்பசை. கூரையின் தட்டையான இடத்துக்குத் தானே பரவிச் சமமாகும் பசை. பக்கச் சுவருக்கு வழியாத பசை. இடம் மாறினால் இரண்டும் பயன்படா. எவர்சில்வர் ஆணிகூட அலுமினியத்தை நேரே தொடாமல் இடையே பசை இருக்க வேண்டும் என்றார் அக்காள். கடலோர உப்பு ஈரத்தில் இரு உலோகங்களுக்கிடையே நுண்ணிய மின்சாரம் ஓடி அலுமினியத்தைத் தின்றுவிடுமாம். விளிம்பில் பூத்த வெண்பொடியின் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

இங்கே ஒரு சிறு விஷயம் சொல்லிவிட்டு மேற்செல்கிறேன். பியூட்டைல் ரப்பர் 1937-இல் அமெரிக்காவில் எண்ணெய்க் கம்பெனியொன்றின் இரசாயனிகள் பெட்ரோலியத்திலிருந்து செய்துகண்டது. ஜப்பானியர் மலாயாவைப் பிடித்து நம் பால்மரங்களின் பால் அமெரிக்காவுக்குச் செல்லாது நின்றபோது, செயற்கை ரப்பர் தொழில் அங்கே பெருகிற்று. காற்றை எளிதில் கசியவிடாத காரணத்தால் சக்கரங்களின் உட்குழாய்க்குப் பியூட்டைலே உரியதாயிற்று. என் தாயார் விடியற்காலை விளக்குக் கட்டிக்கொண்டு சீவிய மரத்தின் போட்டியாளனை அவர் மக்கள் இருவரும் அந்நிய தேசத்தில் கூரைக்குத் தடவிக்கொண்டிருந்தோம். அக்காளிடம் இதைச் சொன்னேன். "ஒட்டுப்பால் மாதிரி வாசனை மட்டும் இல்லை" என்றார்.

நிற்க. பட்டைகளைக் கழற்றியபோது அவற்றின் அடியில், மரச் சட்டத்தில், பென்சிலால் தேதிகள் எழுதியிருக்கக் கண்டேன். 1998, 2004, 2011 என்று ஒவ்வொரு மூலையிலும் வரிசையாக. சில தேதிகளின் பக்கத்தில் தமிழில் குறிப்பும் இருந்தது: ‘இடப்புறம் ஆணி தளர்ச்சி, அடுத்தமுறை பார்க்க.’ ஆறு மாதத்துக்கொருமுறை பசையைப் பார்வையிடுவாராம். முற்றும் பிரித்துச் சீர்செய்த நாளை இவ்வாறு பதிந்து வைப்பாராம். கறைபிடித்த கையென்று நான் இகழ்ந்த மனிதரின் ஒழுங்கு என் கணக்குப் புத்தகங்களிலும் இருந்ததில்லை. தொண்டை அடைத்தது. "அத்தான் கையெழுத்து இவ்வளவு திருத்தமா?" என்று கேட்டேன்.

"அவர் கையெல்லாம் பசையாக இருக்கும். எழுதினவள் நான்" என்றார் அக்காள். சிறிது நேரம் கழித்து, "அம்மா காரியத்துக்குப் பிந்தியதும் என்னால்தான். கைக்குழந்தைக்குக் காய்ச்சல். அவர் உன்னிடம் சொல்லவேண்டாம் என்றார், சொன்னால் சாக்கு என்பாய் என்று" என்றார். நான் பேசாமல் ஆணிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டேன்.

கித்தான் சுவரை மென்மையான சோப்புநீரால் கழுவினோம். வெளுப்பு மருந்து தையல் நூலைத் தின்னுமென்று அக்காள் அதைத் தொடவிடவில்லை. இரவில் உள்ளே விளக்கேற்றி, நான் வெளியே இருட்டில் நின்று பார்த்தேன். மடிப்பு விழும் இடங்களில் ஊசிமுனை ஊசிமுனையாக வெளிச்சம் தெரிந்தது. தெரிந்த இடத்திலெல்லாம் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு, மறுநாள் ஒட்டுப்போட்டோம். பதினேழு ஓட்டைகள். நன்கு உலர்ந்த பிறகே மடித்தோம். ஈரத்தோடு மடித்தால் ஒரு வாரத்தில் பூஞ்சை திரும்பிவிடும்.

விலையைப் பற்றி நான் பேச்செடுத்தபோது அக்காள் வியப்போடு என்னைப் பார்த்தார். ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர் வடக்கே இருக்கும் புரூம் நகருக்குத் தனியாக வண்டியோட்டிப் போகப் போகிறாராம். அத்தானோடு இருமுறை போன பாதை. பெண்ணொருத்தி, அதுவும் இந்த வயதில், என்று நான் தொடங்கினேன். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் இதைச் சொல்லலாமா என்று எனக்கே தோன்றியதால் வாக்கியத்தை முடிக்கவில்லை.

மே மாதத்தில் முதல் பெருமழை இரவில் வந்தது. இருவரும் குடை பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடி, வண்டிக்குள் ஏறிக் கைவிளக்கை ஏந்திக் காத்திருந்தோம். மூக்குப்பகுதி உலர்ந்திருந்தது. நான்கு மூலைகளும் உலர்ந்திருந்தன. அரைமணி நேரம் சென்றபின், கூரை நடுவிலுள்ள காற்றுத்துவாரத்தின் விளிம்பிலிருந்து ஒரு துளி அக்காளின் முழங்கையில் விழுந்தது.

"இதைக் கழற்ற மறந்துவிட்டோம்" என்றார் அவர்.

எனக்கு மறுநாள் மாலை விமானம். சீட்டை ஒரு வாரம் தள்ளிப்போட்டேன்.