பால் பாட்டில் வாங்கப் போனேன்!

என் பெண்ணுக்கு வளைகாப்பு ஆன மறு வாரமே சீட்டு எழுதிக்கொண்டு தஞ்சாவூர்க் கடைத்தெருவுக்குக் கிளம்பிவிட்டேன். "பிறக்காத குழந்தைக்கு முன்னாடியே சாமான் சேர்க்காதே" என்று மாமியார் தடுத்தார். "துணிமணிதானே அத்தை வாங்கக் கூடாது, இது பாட்டிலும் பம்பும்தானே!" என்று சமாளித்தேன்.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. பெண் திருச்சியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். 2017-ல் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து முதல் இரண்டு பிரசவத்துக்கும் 26 வாரம் சம்பளத்தோடு லீவு உண்டு. கேட்க நிறையத்தான் இருக்கிறது. பிரசவத்துக்கு முன்னாலேயே அவள் ஆறு வாரம் எடுத்துவிட்டாள். மீதி 20 வாரம். அதாவது குழந்தைக்கு நாலரை மாதம் ஆகும்போது இவள் ஆபீசில் இருக்க வேண்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர தண்ணீர்கூட வேண்டாம் என்கிறார்கள் டாக்டர்கள். பாலை எடுத்து வைத்துவிட்டுப் போனால்தான் உண்டு.

கடையில் கண்ணைப் பறித்தன பாட்டில்கள். யானை போட்டது, பிடி வைத்தது, உள்ளே குழாய் வைத்தது என்று என்னென்னவோ. நான்கு வாங்கினேன். பிறகு பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். முதலில் பாட்டிலின் வாயைப் பாருங்கள். பிரஷ் அடிவரை தாராளமாகச் சுற்ற வேண்டும். மூலை முடுக்கு, மடிப்பு, உள்குழாய் இருந்தால் வேண்டவே வேண்டாம். அங்கேதான் பால் பிசுக்கு ஒளிந்துகொள்ளும். பிளாஸ்டிக் என்றால் அடியைத் திருப்பிப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 5 என்று போட்டிருந்தால் பாலிப்ரொப்பிலீன். பாலிகார்பனேட் என்ற பழைய ரகத்தைக் குழந்தை பாட்டிலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று ஐ.எஸ்.ஐ. முத்திரை கொடுப்பவர்கள் 2015-லேயே நிறுத்திவிட்டார்கள். எந்த பிளாஸ்டிக்கானாலும் கொதிக்கக் கொதிக்க எதையும் ஊற்றாதீர்கள். கண்ணாடியும் எவர்சில்வரும் கிடைக்கின்றன. என்ன, கண்ணாடி கை தவறினால் போச்சு. நிப்பிளில் ஓட்டை மிகச் சிறியதாக இருக்கட்டும். கவிழ்த்தால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், தாரையாக ஊற்றக் கூடாது. தாரையாக வந்தால் குழந்தைக்குப் புரையேறும். தாயிடம் உழைத்துக் குடிக்கச் சோம்பலும் வந்துவிடும்.

பம்பில் கோட்டைவிட்டேன். பக்கத்து வீட்டுப் பெண் தான் உபயோகித்த கரண்டு பம்பைத் தருகிறேன் என்றாள். அதன் குழாய்க்குள் பழைய பால் கறை தெரிந்தது. உள்ளே போய்க் காய்ந்த பாலை எப்படிக் கழுவுவது? நல்லவேளை, வேண்டாம் என்றேன். ரப்பர் பந்தை அமுக்கி இழுக்கிறது ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. அந்தப் பந்துக்குள்ளும் பால் போகும், சுத்தம் செய்ய வழியில்லை, வலியும் அதிகம். கையால் அழுத்துகிற பிடி வைத்த பம்பு வாங்கினேன். எப்போதாவது எடுக்க அது போதும். தினமும் ஆபீசில் எடுக்கிறவளுக்குக் கரண்டிலோ பேட்டரியிலோ ஓடுவதுதான் சரி. முக்கியமான சங்கதி, மார்பில் வைக்கிற புனலின் அளவு. எல்லோருக்கும் 24 மில்லிமீட்டர் பொருந்திவிடாது. என் பெண்ணுக்குப் பொருந்தவில்லை. காம்பு உரசிப் புண்ணாகி, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். புனலை மாற்றினால் தீருகிற வலி அது என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

பேரன் 2024-ல் பிறந்தான். இரண்டு மாதம் ஆனதும் பாலெடுத்துப் பழகட்டும் என்று ஆரம்பித்தாள். ஒரு நாள் ராத்திரி, குழந்தை குடித்துத் தூங்கியபிறகு, அரைமணி நேரம் பம்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாட்டிலில் 30 மில்லி. அதைக் கையில் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். "எனக்குப் பாலே இல்லைம்மா. இத்தனை நாளா பிள்ளையைப் பட்டினி போட்டிருக்கேன். காலையில டப்பா பால் வாங்கிட்டு வந்துடு."

எனக்குக் கையும் காலும் ஓடவில்லை. இந்த வார்த்தையை நான் முன்பே கேட்டிருக்கிறேன், என் வாயால். 24 வருஷமாக அவளிடம் சொல்லாமல் வைத்திருந்ததை அன்றைக்குத்தான் சொன்னேன்.

அவள் 2000-ல் பிறந்தவள். எனக்கு வயசு 21. இரண்டு மாதத்தில் மார்பு முன்போல் கனக்கவில்லை. சாயந்திரமானால் வீல் வீலென்று அழுவாள். பால் வற்றிவிட்டது என்று நானே முடிவு கட்டினேன். டப்பா பால் வந்தது. அப்போது இவர் வாங்கின சம்பளத்துக்கு அது கட்டுப்படியாகவில்லை. ஒரு டப்பா இன்னும் நாலு நாள் வரட்டுமே என்று ஒரு கரண்டி குறைத்துத் தண்ணீராகக் கலக்கினேன். பாட்டிலோ குறுகின கழுத்து. கொதிக்கவைக்க ஒவ்வொரு தடவையும் ஸ்டவ் பற்றவைக்க சோம்பல்பட்டு வெந்நீரில் அலம்பி வைப்பேன். பத்தே நாளில் வயிற்றுப்போக்கு. கண் குழி விழுந்துவிட்டது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றினார்கள். கையில் நரம்பு அகப்படாமல் தலையில் முடியை மழித்து ஊசி குத்தினார்கள். வீட்டுக்கு வருவதற்குள் எனக்கு நிஜமாகவே பால் நின்றுபோயிருந்தது.

கேட்டுவிட்டு அவள் ஒன்றும் பேசவில்லை. உச்சந்தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் டப்பா வாங்கவில்லை. குழந்தை டாக்டரம்மாவிடம் போனோம். அவர் பாட்டிலைக் கேட்கவே இல்லை. "ஒரு நாளைக்கு எத்தனை தரம் ஒண்ணுக்குப் போகிறான்?" என்றார். ஏழெட்டுத் தரம். எடை போட்டார்; சரியாக ஏறியிருந்தது. ஆறு தரத்துக்கு மேல் ஈரம் பண்ணி, எடையும் ஏறினால் பால் போதும் என்று அர்த்தமாம். குழந்தை குடித்தபிறகு எடுத்தால் 30 மில்லி வருவதே நல்ல வரவு, பிள்ளை உறிஞ்சுகிற அளவுக்கு எந்த மெஷினும் உறிஞ்சாது என்றார். சில வாரங்களில் மார்பு மெத்தென்று ஆவதும், சாயந்திர அழுகையும் சகஜம் என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தொண்டை அடைத்தது. இதை யாராவது அன்றைக்கு எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா?

புனலை மாற்றினோம். விடியற்காலைப் பால் கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து எடுக்கப் பழகினாள். அழுகை நின்றது.

என் அசட்டுத்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் ஃப்ரிட்ஜில் வைத்த பாலின் மேலே ஏடு போல் படிந்திருந்தது. கெட்டுவிட்டதோ என்று பயந்து, கை பழக்கத்தில் சின்னச் சட்டியில் ஊற்றி அடுப்பில் வைத்துவிட்டேன்! "அம்மா, அது பசும்பால் இல்லே!" என்று ஓடிவந்தாள். ஏடு பிரிவது இயற்கை. மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். காய்ச்சினால் அதிலுள்ள நோய் எதிர்ப்புச் சக்தி போய்விடும். பாட்டிலோடு வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் போதும். வெளியே நாலு மணி நேரம் என்பது 25 டிகிரிக்குச் சொன்ன கணக்கு. திருச்சி வெயிலில் அதை நம்பாமல் உடனே ஃப்ரிட்ஜில், கதவில் அல்ல, உள்தட்டில் வைத்தோம்; மறுநாளே தீர்த்துவிடுவோம். குழந்தை வாய் வைத்த மீதியை எடுத்து வைக்கக் கூடாது. கொட்டும்போது மனசு அடித்துக்கொள்ளும்.

ஆபீஸ் திறந்தது. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட இரண்டு இடைவேளை சட்டத்திலேயே உண்டு. அவள் கேட்டு வாங்கி அதில் பால் எடுத்தாள். வீட்டில் நானும் பேரனும். யானை பாட்டிலை வாயில் வைத்ததும் துப்பினான். நிப்பிளை மாற்றினேன், துப்பினான். பதினொரு மணிக்கு அவன் அழுகிற அழுகையில் எனக்கும் அழுகை வந்துவிட்டது. தஞ்சாவூருக்கு போன் போட்டேன். "என் பாலாடையை உன் பெட்டியிலேயே வச்சு அனுப்பினேனே, பார்க்கலையா?" என்றார் மாமியார்.

புடவைக்கு அடியில் துணி சுற்றி இருந்தது, இவர் குடித்த வெள்ளிப் பாலாடை. கொதிக்கவைத்து, குழந்தையை நிமிர்த்தி மடியில் உட்காரவைத்து, மூக்கை உதட்டோரம் வைத்தேன். ஊற்றவில்லை, அவனே நாக்கை நீட்டி நக்கிக் குடித்தான். மூலை இல்லை, ஓட்டை இல்லை, கழுவ அரை நிமிஷம்.

பாட்டில்களில் ஒன்றில் இப்போது சீரகம் வைத்திருக்கிறேன். மற்ற மூன்றும் அட்டைப்பெட்டியோடு அப்படியே இருக்கின்றன. கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார்.