மூன்று லிட்டர் தண்ணீர்

எங்கள் மாலைநேரப் படிப்பு மையத்து மாணவர்கள் சிலர், விடுமுறையில் ஜவ்வாது மலைக்கு நடந்து போகப்போவதாகச் சொல்லி, என்னென்ன எடுத்துப்போக வேண்டும் என்று கேட்டார்கள். பட்டியல் தந்துவிடலாம். ஆனால் எங்களுடைய ஒரு பயணம் கெட்டுப்போன கதையைச் சொல்லாமல் தந்தால் அது பாதிப் பட்டியல்தான்.

அது ஒரு ஏப்ரல் மாதம். அமைப்பாளர்கள் நான்கு பேர், மாணவர்கள் ஏழு பேர். காலை ஆறு மணிக்குக் கிளம்புவதாகத் திட்டம். ஆள் சேர்ந்து, இட்லி கட்டி முடிக்க ஒன்பதாகிவிட்டது. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். வனத்துறையிடம் அனுமதி கேட்கவில்லை. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் இருபது பேருக்கு மேல் இறந்ததையும், அதே ஆண்டு அரசு மலையேற்ற விதிகள் கொண்டுவந்ததையும் படித்தவர்கள்தாம் நாங்கள். இருந்தும் ‘நம்ம மாவட்ட மலைதானே’ என்று நினைத்தோம்.

ஏறும்போது சிக்கல் இல்லை. மலைக்காரர்கள் சந்தைக்கு இறங்கி வரும் பழைய ஒற்றையடிப் பாதை அது. மேலே தெரிந்த பெரியவர் வீட்டில் சாமைச் சோறு போட்டார்கள். கிளம்பும்போது பெரியவர் சொன்னார்: “வந்த வழியிலயே எறங்கிடுங்க. பையும் கையுமா பசங்களைக் காட்டுல பார்த்தா இப்பல்லாம் வேற மாதிரி நினைக்கிறாங்க.” அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டியதாகச் சொல்லி ஆந்திரப் போலீஸ் சுட்டுக்கொன்ற 20 பேரும் தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளிகள். இந்த மலைப் பழங்குடிகளும் அவர்களில் உண்டு.

பெரியவர் பேச்சைக் கேட்கவில்லை. போனில் இருந்த வரைபடத்தில் வேறொரு பாதை குறுக்காகத் தெரிந்தது. படித்த திமிர் என்று இதைத்தான் சொல்ல வேண்டும். ஒரு மணி நேரத்தில் அந்தப் பாதை, தண்ணீர் வற்றிய ஓடையில் போய் முடிந்தது. சிக்னல் இல்லை. பாறை பாறையாக இறங்கினோம். மூன்று மணிக்குப் பாட்டில்கள் காலி. அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தபோது ஐந்தரை. அது நாங்கள் கிளம்பிய ஊர் அல்ல, யாரையும் தெரியாத வேறோர் ஊர்.

முதல் வீட்டில் தண்ணீர் கேட்டோம். அந்தம்மா சொம்பை எடுத்துக்கொண்டுதான் வந்தார். வாசலில் நின்று எங்களைப் பார்த்தார்.

“எந்த ஊருப்பா நீங்க?”

சொன்னோம்.

“ஊர்லயா, காலனியிலயா?”

எங்களில் ஒருவர் உடனே, “ஊர்லதாங்க” என்றார். மற்ற மூன்று பேரும் வாய் திறக்கவில்லை. சொம்பு கைமாறியது. குடித்தோம். முதலாண்டு படிக்கும் மாணவி ஒருத்தி மட்டும் வாங்கவில்லை. “வேணாம்” என்றாள். வற்புறுத்தினோம். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும் வழியில் அவள் மயங்கி விழுந்தாள். அந்த ஊர்க் காலனி பக்கத்தில்தான் இருந்தது. அங்கிருந்து ஒரு அம்மா ஓடிவந்து உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கொஞ்சம் தெளிந்ததும் புகட்டினார். ஆட்டோவில் ஏற்றி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனோம். இரவு முழுக்க டிரிப்ஸ் ஏறியது. அந்த அம்மாவும் எந்த ஊர் என்று கேட்டார். அவரிடம் உண்மையைச் சொன்னோம். ஒரே மாலையில் இரண்டு பதில்கள்.

மறுநாள் பொய் சொன்ன தோழரிடம் அவள் கேட்டாள்: “அண்ணா, மையத்துல சொல்றதெல்லாம் மையத்துக்கு மட்டும்தானா?”

அம்பேத்கர் வாழ்க்கையில் கெட்டுப்போன இரண்டு பயணங்களை அதே மாதத்தில்தான் வகுப்பில் படித்திருந்தோம். 1901இல் அவரும் உடன்வந்த சிறுவர்களும் அப்பாவைப் பார்க்க கோரேகாவ் போகிறார்கள். மசூர் ரயில் நிலையத்தில் யாரும் அழைக்க வரவில்லை. இரண்டு மடங்கு கூலி தந்தும் வண்டிக்காரர் அவர்களோடு உட்கார மாட்டேன் என்கிறார். பிள்ளைகளே மாட்டுவண்டி ஓட்டுகிறார்கள். கையில் உணவு இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் இல்லை. சுங்கச்சாவடியில் முஸ்லிம்கள் என்று சொல்லிக் கேளுங்கள் என்று வண்டிக்காரர் யோசனை சொல்கிறார். சொல்லியும் கிடைக்கவில்லை; பட்டினியோடு படுக்கிறார்கள். 1934இல் தோழர்களோடு தௌலதாபாத் கோட்டை பார்க்கப் போனபோதோ, வாசல் குளத்தில் முகம் கழுவியதற்கு வசவு. கோட்டைக்குள் எங்கும் தண்ணீரைத் தொடாமல் பார்த்துக்கொள்ள ஆயுதம் ஏந்திய ஒரு சிப்பாய் கூடவே வந்தார்.

சுங்கச்சாவடியில் சொன்ன பொய் பிள்ளைகளுக்குத் தண்ணீர் வாங்கித் தரவில்லை. நாங்கள் சொன்ன பொய் வாங்கித் தந்தது. நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் மாறியது அவ்வளவுதானா என்று ஒரு மாணவர் கேட்டார். 1955ஆம் ஆண்டுச் சட்டத்தையும் 1989ஆம் ஆண்டுச் சட்டத்தையும் பிரிவு பிரிவாக நடத்துகிறவர்கள் நாங்கள். அன்றைக்கு எந்தப் பிரிவும் உதவாது. எங்களுக்கு யாரும் தண்ணீர் மறுக்கவில்லை. மறுப்பார்களா என்று தெரிவதற்குள் பொய் சொல்லிவிட்டோம்.

இதைப் பற்றி வாரக்கணக்கில் சண்டை போட்டோம். வெயிலில் நா வறண்டு நிற்கும் ஏழு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வீரம் பேச முடியுமா என்றார் அந்தத் தோழர். அது நியாயமான கேள்வி. அவர் பொய் சொன்னதை இன்றும் நாங்கள் முழுத் தவறு என்று சொல்லமாட்டோம். அவளைக் கேட்காமல் அவளுக்கும் சேர்த்துச் சொன்னது தவறு. அந்தக் கேள்வி வரும் என்று தெரிந்திருந்தும், அதற்கு என்ன பதில் என்று முந்தைய நாள் பேசாமல் கிளம்பியது அதைவிடப் பெரிய தவறு. பாம்புக்கடிக்கு என்ன செய்வது என்றெல்லாம் பேசியிருந்தோம்.

ஆகவே பட்டியல். வெயில் மாதத்தில் போகாதீர்கள். வனத்துறை அனுமதி வாங்குங்கள், தாளைக் கையில் வையுங்கள். வழிகாட்ட மலைக்காரர் ஒருவரைக் கூலி பேசி, கொடுத்து அழைத்துப்போங்கள். எங்கே இருந்தாலும் பன்னிரண்டு மணிக்குத் திரும்புங்கள், வந்த வழியிலேயே. ஓ.ஆர்.எஸ். பொட்டலம், டார்ச், கல்லூரி அடையாள அட்டை. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், கனக்கத்தான் செய்யும். தாகத்துக்காக ஒரு வாசலில் நின்று பதில் சொல்லும் நிலை வரக்கூடாது என்பதற்காகத்தான் அந்தக் கனம். முந்தைய இரவு உட்கார்ந்து, கேட்டால் யார் என்ன சொல்வது என்று பேசுங்கள். எல்லோரும் ஒரே பதில் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த ஜனவரியில் மறுபடி போனோம். அவளும் வந்தாள். இறங்கி வரும்போது பைக்கில் வந்த ஒருவர் நிறுத்தி, எந்த ஊர், எந்தப் பக்கம் என்று கேட்டார். அவள்தான் முன்னால் நின்றாள். ஊர்ப் பெயரையும் காலனிப் பெயரையும் சேர்த்துச் சொன்னாள். அவர் ஒரு நிமிடம் எங்களைப் பார்த்துவிட்டு, “பஸ் ஸ்டாப் அந்தப் பக்கம்” என்று கையைக் காட்டிவிட்டுப் போனார். எங்கள் பைகளில் இன்னும் தண்ணீர் இருந்தது.