ஒரு சென்டிமீட்டர்

ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்குப் பௌதிகம் நடத்திய சிஸ்டர், சன்னல்களை மூடச் சொல்லி, ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, வெள்ளை அட்டையைத் தள்ளித் தள்ளி வைத்துக் காட்டினார். தூரம் இருமடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்று. பரீட்சைக்கு மனப்பாடம் செய்தேன், அவ்வளவுதான். இன்று அந்தக் கணக்கில்தான் என் பிழைப்பு நடக்கிறது, தங்கைகளே.

மூச்சுக்குழாயைப் புற்றுக்கட்டி அடைத்துத் திணறுகிறவர்களுக்கு, உள்ளேயே கதிர்வீச்சுக் கொடுக்கும் சிகிச்சை ஒன்று உண்டு. சுமார் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாயை மூக்கு வழியாகக் கட்டி வரை டாக்டர் செலுத்துவார். கம்பியின் நுனியில் பற்றவைத்த, அரிசிமணியைவிடச் சிறிய இரிடியம்-192 அதனுள் போய், அரை சென்டிமீட்டருக்கு ஓரிடமாக நின்று நின்று திரும்பும். எங்கே எத்தனை விநாடி நிற்க வேண்டும் என்று கணக்கிடுவது என் வேலை. இரிடியத்தின் வலிமை 74 நாளில் பாதியாகிவிடும். ஆகவே நேற்றைய விநாடி இன்றைக்கு உதவாது.

குழாயின் நடுவிலிருந்து 1 சென்டிமீட்டர் தள்ளி 7 கிரே என்று டாக்டர் எழுதித் தந்தால், அரை சென்டிமீட்டரில் அது ஏறக்குறைய இருமடங்கு. (இங்கே வரிசையாகப் பல இடங்களில் நிற்பதால், மெழுகுவர்த்தியைப் போல நாலு மடங்கு ஆகாது.) குழாயோ பெரும்பாலும் சுவரில் சாய்ந்தே கிடக்கும். அடுத்தாற்போலவே பெரிய இரத்தக் குழாய்கள். அளவு மிஞ்சினால் இரத்தம் கக்கும் அபாயம். குறைந்தால் கட்டி கரையாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரியவர் வந்தார். வாரம் ஒன்றாக மூன்று தடவை சிகிச்சை. முதல் நாள் படம் எடுத்து, கணக்கு முடிந்து, இன்னொருவர் சரிபார்த்தும் ஆயிற்று. சிகிச்சை அறைக்குத் தள்ளிச் செல்லும்போது அவருக்குக் கடும் இருமல். மூக்கருகே குழாயில் போட்டிருந்த மைக்கோடு நகர்ந்தாற்போலத் தெரிந்தது. உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"சீக்கிரம் முடிச்சிடும்மா, தாங்கல" என்றார். வெளியே இன்னும் இருவர் காத்திருந்தார்கள். மறுபடி படம் எடுக்கச் சொன்னேன். முகம் சுளித்தவர்கள் உண்டு, பெரியவரும்தான்.

குழாய் 2 சென்டிமீட்டர் மேலேறியிருந்தது. கட்டியின் நீளமே 4 சென்டிமீட்டர். கீழ்ப்பாதி தப்பி, மேலே நல்ல சதை வெந்திருக்கும். டாக்டர் குழாயைச் சரிசெய்தார். நான் கணக்கை முதலிலிருந்து போட்டேன். அன்று பெரியவர் என்னோடு பேசவில்லை.

மூன்றாவது வாரம், வண்டியில் படுத்தபடியே மூக்கருகே விரலால் தொட்டுக் காட்டி, "கோடு சரியா இருக்கா, பாரும்மா" என்றார்.