பார்த்துக்கறவங்களை யார் பார்த்துக்கறது?

1) மனநோய் உள்ள ஒருத்தரை வீட்டுல வச்சுப் பார்த்துக்கற அம்மா, அப்பா, மனைவி, கணவர், அண்ணன், தங்கச்சி எல்லாருக்குமான இழை இது. கொஞ்சம் நீளம்தான். உங்க வீட்டுல அப்படி யாரும் இல்லைன்னாலும் படிங்க. உங்க தெருவுல ஒரு வீடு இருக்கலாம்.

2) நான் நெய்வேலி பக்கம் பிராக்டிஸ் பண்ற மருத்துவர். மனச்சிதைவு, பைபோலார் மாதிரி நோயோட வர்றவங்ககிட்ட நாங்க நிறைய கேப்போம். தூக்கம் வருதா, காதுல குரல் கேக்குதா, மாத்திரை ஒழுங்கா போடறீங்களா? ஃபைலை மடியில வச்சுக்கிட்டு பக்கத்து நாற்காலியில உக்காந்திருக்கறவங்களை யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல. பல நேரம் அந்த வீட்டுலயே ரொம்பக் குறைவாத் தூங்கினது அவங்களாத்தான் இருக்கும்.

3) அவங்க கஷ்டம் மூணு வகை. முதல்ல உடம்புக் கஷ்டம். நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து, பகல்லயும் தூங்காம மகனுக்குக் காவல் இருக்கற அப்பாக்களைத் தெரியும். ரெண்டாவது, பழி. "வளர்ப்பு சரியில்ல", "செல்லம் குடுத்துக் கெடுத்துட்டாங்க"ன்னு பேச்சு. மூணாவது, ராத்திரி ரெண்டு மணிக்கு வர்ற கேள்வி: "எனக்கப்புறம் இவனை யார் பார்ப்பா?"

4) இந்த டவுன்ஷிப்புல இது இன்னும் சிக்கல். 1956ல என்எல்சி வந்தப்புறம் உருவான ஊர். ஒரே கம்பெனி, ஒரே மாதிரி குவார்ட்டர்ஸ். எதிர்வீட்டுக்காரர் அதே மைன்ஸ்ல அதே ஷிஃப்ட்ல இருப்பார். ஒரு வீட்டுல சத்தம் கேட்டா மறுநாள் கேன்டீன்ல பேச்சு ஆயிடும். அதனால ஜன்னலைச் சாத்திடறாங்க. யாராவது கேட்டா "பையன் பெங்களூர்ல வேலை பாக்கறான்". பையன் உள் ரூம்ல இருப்பான்.

5) எனக்குத் தெரிஞ்ச ரெண்டு குடும்பம் (அடையாளம் தெரியாம இருக்க விவரங்களை மாத்தியிருக்கேன்). ரெண்டும் ஒரே வட்டம். உள்ளூர்ல காட்டினா தெரிஞ்சிடும்னு ரெண்டு பேருமே பஸ் ஏறி புதுச்சேரி போய்க்கிட்டு இருந்தாங்க. ஒருநாள் அங்கே ஒரே வரிசையில ரெண்டு அம்மாவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துட்டாங்க. பார்க்காத மாதிரி திரும்பிக்கிட்டாங்க. நாலு மாசம் கழிச்சுத்தான், மெயின் பஜார்ல, ஒருத்தர் மெதுவா கேட்டாங்க: "உங்க பொண்ணுக்கு இப்ப எப்படிங்க்கா இருக்கு?"

6) அன்னைக்கு அவங்க பேசினதுல பாதியை என்னால சொல்லிக்குடுத்திருக்க முடியாது. மாத்திரை, அளவு, பக்கவிளைவு, எப்ப ரத்தப் பரிசோதனை, இதெல்லாம் நான் சொல்வேன். "சாப்பாட்டுல விஷம் வச்சிருக்கே"ன்னு பொண்ணு தட்டைத் தள்ளும்போது வாதம் பண்ணாம, அதே தட்டுல இருந்து தானும் ஒரு வாய் சாப்பிட்டு உக்காந்திருக்கணும்ங்கறது, அதைப் பத்து வருஷம் செஞ்ச இன்னொரு அம்மாவுக்குத்தான் தோணும்.

7) இதைத்தான் பியர் சப்போர்ட்னு சொல்றாங்க. அதே பாரத்தைச் சுமக்கறவங்க ஒருத்தருக்கொருத்தர் துணை. இது வெளிநாட்டுச் சரக்குன்னு நினைக்காதீங்க. 1950கள்ல அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளோட குடும்பங்களையும் வளாகத்துலயே கூடாரம் போட்டுத் தங்க வச்சார். நோய் என்னன்னு எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லிக்குடுத்தார். 1957ல தொடங்கின வேலூர் சிஎம்சியோட பாகாயம் மனநல மையமும், குடும்பம் கூடத் தங்கணும்ங்கற வழியைத்தான் எடுத்தது.

8) சென்னையில டாக்டர் சாரதா மேனன் 1984ல ஸ்கார்ஃப் அமைப்பை ஆரம்பிச்சாங்க. இந்தியாவோட முதல் பெண் மனநல மருத்துவர். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குக் கண்காணிப்பாளரா இருந்தவங்க. அதோட தொடர்புல இருந்த குடும்பங்களே சேர்ந்து 'ஆஷா'ன்னு ஒரு சங்கம் நடத்தறாங்க. பார்த்துக்கறவங்க நடத்தற சங்கம், டாக்டர் நடத்தறது இல்ல. அந்த வித்தியாசம் முக்கியம்.

9) "நாங்க புலம்பினா நோயாளிக்கு என்ன லாபம்?"னு ஒரு அப்பா கேட்டார். இருக்கு. லண்டன்ல ஜார்ஜ் பிரவுனும் கூட இருந்தவங்களும் 1950கள்ல ஆரம்பிச்ச ஆய்வுகள் ஒண்ணைக் காட்டுச்சு: ஆஸ்பத்திரியில இருந்து திரும்பினவரை வீட்டுல ஓயாம குறை சொன்னாலோ, வெறுப்பைக் காட்டினாலோ, மூச்சு விடாம பொத்திப் பொத்திப் பார்த்துக்கிட்டாலோ, நோய் திரும்ப வர்றது அதிகம்.

10) கவனிங்க. குடும்பத்தாலதான் நோய் வந்துச்சுன்னு இதுக்கு அர்த்தம் இல்ல. வரல. ஆனா மூணு வருஷமா சரியாத் தூங்காத ஆளு எரிஞ்சு விழத்தான் செய்வாங்க. அந்த எரிச்சலைக் கொட்ட வேற ஒரு இடம் கிடைச்சா, அது மகன் மேல விழாது.

11) இங்கே இன்னொரு விஷயம். ரிட்டயர் ஆனா குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். மனச்சிதைவு உள்ள பையனுக்கு பழகின தெரு, பழகின டீக்கடை எல்லாம் ஒரே நாள்ல போயிடும். இதை ஏற்கெனவே கடந்து வந்த குடும்பம் இருக்கும். ஆறு மாசம் முன்னாடியே பையனைப் புது வீட்டுக்கு அடிக்கடி கூட்டிட்டுப் போய்ப் பழக்கினோம்னு அவங்க சொல்ற ஒரு வரி, ஒரு அட்மிஷனையே தவிர்க்கும்.

12) தகவலும் இப்படித்தான் பரவும். மனநோய்க்கும் ஊனச் சான்றிதழ் உண்டு. 40 சதவீதமும் அதுக்கு மேலயும் இருந்தா சலுகைகள் உண்டு. ஈபிஎஸ் 95 திட்டத்துல, உறுப்பினர் இறந்துட்டா பிள்ளைங்களுக்கான பென்ஷன் சாதாரணமா 25 வயசு வரைக்கும்தான். முழுமையான, நிரந்தர ஊனம்னு ஏற்கப்பட்ட மகன், மகளுக்கு அந்த வயசு வரம்பு இல்ல. "எனக்கப்புறம்?"ங்கற கேள்விக்கு இது முழு பதில் இல்ல. ஆனா பதில்ல ஒரு பகுதி. சர்வீஸ்ல இருக்கும்போதே பேப்பரைச் சரி பண்ணி வைங்க.

13) எப்படி ஆரம்பிக்கறது? நாலு குடும்பம் போதும். உங்க டாக்டர்கிட்ட சொல்லி வைங்க: "இதே மாதிரி யாராவது பேச விரும்பினா என் நம்பரைக் குடுங்க." மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, ஒரு மணி நேரம். வீட்டுல கூச்சமா இருந்தா பார்க்ல உக்காருங்க. அம்மாக்கள் மட்டும் வந்தா போதாது. அப்பாக்களும், கூடப்பிறந்தவங்களும் வரணும். நாளைக்குப் பொறுப்பு அவங்க தோள்லதான் விழும்.

14) மூணு விதி வச்சுக்குங்க. ஒண்ணு, இங்கே பேசினது இங்கேயே இருக்கணும். இந்த ஊர்ல இது உயிர் மாதிரி. ரெண்டு, கேக்காம அறிவுரை வேண்டாம். மூணு, மாத்திரை மாத்தற பேச்சே கூடாது. "என் பையனுக்கு இது நல்லா கேட்டுச்சு, நீங்களும் போட்டுப் பாருங்க"ன்னா அங்கேயே நிறுத்துங்க.

15) இது சிகிச்சைக்குப் பதில் இல்ல. ரெண்டு வாரமா தூக்கம் இல்ல, எதுலயும் பிடிப்பு இல்லன்னா பார்த்துக்கறவங்களும் டாக்டரைப் பாருங்க. "சேர்ந்து செத்துடலாம்"னு நினைப்பு வந்தா அன்னைக்கே. டெலி மானஸ் எண் 14416. அரசு சேவை, இலவசம், 24 மணி நேரமும், தமிழ்லயும் பேசலாம். நோயாளிக்கு மட்டும் இல்ல, உங்களுக்கும்தான்.

16) பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. "ஏன் இப்படி ஆச்சு?"ன்னு கேக்காதீங்க. "நான் ஒரு மணி நேரம் இங்கே இருக்கேன், நீங்க போய்க் கொஞ்சம் தூங்குங்க"ன்னு சொல்லுங்க.

பயன்படும்னு தோணினா பகிருங்க. ஜன்னலைச் சாத்தி வச்சிருக்கற ஏதோ ஒரு வீட்டுக்குப் போய்ச் சேரட்டும்.