லால்பஜாரில் ஒரு கிடார் வேட்டை!

உங்க ஹாஸ்டல் ரூம் மூலையில், துணி காயப்போடுற கொடிக்குக் கீழே, ஆறு கம்பியில் நாலு மட்டும் மிச்சம் இருக்கிற ஒரு கிடார் சாய்ஞ்சு நிக்குதே... அதோட சொந்த ஊர் எது தெரியுமா? அநேகமா கொல்கத்தா! கிவ்சன், ஹாப்னர், சிக்னேச்சர் என்று நம்ம ஊர் மியூசிக் கடைகளில் விலை குறைந்த வரிசையில் தொங்கும் பெயர்கள் எல்லாம் அந்த ஊர்க்காரர்கள்தான். (முதல் இரண்டு பெயரையும் வேகமாச் சொல்லிப் பாருங்க. உலகப் புகழ்பெற்ற வேறு இரண்டு கம்பெனிகள் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை!)

கல்சுரல்ஸ், இன்டர்வியூ, இண்டஸ்ட்ரியல் விசிட் என்று ஏதாவது ஒரு சாக்கில் கொல்கத்தா போனீங்கன்னா, விக்டோரியா மெமோரியல் முன்னால் போட்டோ எடுத்த கையோடு அரை நாளை லால்பஜாருக்கு ஒதுக்குங்க. கிடாருக்காக மட்டும் சென்னையிலிருந்து ரயில் ஏறுற ஐடியா இருந்தா இப்பவே டிராப் பண்ணிடுங்க. மிச்சம் பிடிக்கிற காசு டிக்கெட்டுக்கே சரியாப் போயிடும்.

ஹௌராவில் இறங்கியதும் மெட்ரோவைப் பிடிங்க. 2024 மார்ச்சில் திறந்த இந்தப் பாதை, ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் போகிறது. இந்தியாவில் ஆற்றுக்கு அடியில் ஓடிய முதல் மெட்ரோ இதுதான். ஆற்றைத் தாண்ட ஒரு நிமிஷம்கூட ஆகாது. அடுத்த ஸ்டேஷன் மகாகரண். வெளியே வந்து லால்பஜாருக்கு வழி கேளுங்க. சொல்றவங்க உங்களை ஒரு மாதிரி பார்க்கலாம். ஏன்னா, லால்பஜார் என்றால் அந்த ஊரில் முதல் அர்த்தம் போலீஸ் தலைமையகம்! கடைக்காரரை 'தாதா' என்று கூப்பிடணும். போலீஸ் ஆபீஸ் பக்கத்திலேயே தாதாவா என்று பயப்படாதீங்க. அங்கே தாதான்னா அண்ணன்.

போலீஸ் தலைமையகத்தை ஒட்டி வடக்கே போகிற ரவீந்திர சரணிதான் நம்ம தெரு. பழைய பெயர் சித்பூர் ரோடு. இதே ரோட்டில் இன்னும் வடக்கே நடந்தால், 1861-ல் தாகூர் பிறந்த ஜோராசங்கோ வீடு வரும். அதுவரைக்கும் போக வேண்டாம், ஆரம்பத்திலேயே கண்ணைக் கட்டிடும். ஹார்மோனியம், தபலா, சிதார், எஸ்ராஜ்... நடுநடுவே கூரையிலிருந்து வாழைத்தார் மாதிரி கிடார்கள் தொங்கும்.

இந்த ஊருக்கும் கிடாருக்கும் எப்படி ஒட்டிச்சு? ஹவாயிலிருந்து வந்த டாவ் மோ என்ற இசைக்கலைஞர் 1940-களில் கல்கத்தாவில் தங்கி வாசிச்சார். மடியில் படுக்க வைத்து, இரும்புத் துண்டைக் கம்பி மேல் வழுக்கி வாசிக்கிற ஹவாயன் கிடார் வங்காளிகளுக்கு அப்படிப் பிடிச்சுப்போச்சு. தாகூர் பாட்டையே அதில் வாசிச்சாங்கன்னா பார்த்துக்கோங்க. அப்புறம் 1975-ல் 'மொஹீனேர் கோராகுலி' என்று ஒரு பேண்ட் கிளம்பியது. 1992-ல் கபீர் சுமன் (அப்போ சுமன் சட்டோபாத்யாய்) தனியா ஒரு கிடாரோட வந்து 'தோமாகே சாய்' ஆல்பம் போட்டார். அப்புறம் என்ன, காலேஜுக்குக் காலேஜ் கிடார்தான்.

சரி, கடைக்குள்ளே போவோம். உங்க பாக்கெட்டில் அஞ்சாயிரம், ஆறாயிரம் இருக்குன்னு வெச்சுக்குவோம். கடைக்காரர் ஒண்ணை எடுத்துக் கொடுத்ததும் தலையாட்டிடாதீங்க. "இதே மாடல்ல இன்னும் ரெண்டு எடுங்க தாதா"ன்னு கேளுங்க. விலை குறைந்த கிடாரின் ரகசியமே இதுதான். கை வேலை அதிகம். ஒரே பெயர், ஒரே விலை, ஒரே கலர். ஆனா ஒண்ணு வெண்ணெய் மாதிரி இருக்கும், பக்கத்தில் இருக்கிறது கட்டைவண்டி. ஆன்லைனில் ஆர்டர் போட்டா இந்த மூணுல எது உங்க வீட்டுக்கு வரும் என்பது லாட்டரி. நேரில் போகிறவருக்குத்தான் பொறுக்கி எடுக்கிற பாக்கியம்.

எப்படிப் பொறுக்குறது? ஒரு ஆறு இஞ்ச் ஸ்கேல் கொண்டுபோங்க. சிரிச்சா சிரிக்கட்டும். கிடார் கழுத்தில் குறுக்கே பதிச்சிருக்கிற உலோகக் கம்பிகள்தான் ஃப்ரெட். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கும் தடிமனான கம்பிக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று அளங்க. இரண்டரை மில்லிமீட்டர் பக்கம் இருந்தா சொர்க்கம், மூணு வரைக்கும் சமாளிக்கலாம். நாலு, அஞ்சு என்றால் விரல் புண்ணாகிடும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, முதல் கிடாரைத் தூக்கிப்போட்ட பத்துப் பேரைக் கேளுங்க, "எனக்கு மியூசிக் வராது மச்சி"ன்னுதான் சொல்வாங்க. கம்பி உசரமா இருந்ததை யாரும் சொல்ல மாட்டாங்க. எஃப் கார்டு பிடிக்க முடியலைன்னு தன்னையே திட்டிக்கிட்டு, ரெண்டாவது மாசமே கிடாரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருப்பாங்க. பாவம், கோளாறு விரல்ல இல்லை!

அப்புறம் முதல் ஃப்ரெட்டிலிருந்து ஒவ்வொரு கம்பியா, ஒவ்வொரு ஃப்ரெட்டா மீட்டிக்கிட்டே போங்க. எங்கேயாவது 'ஜொய்ங்'னு வண்டு மாதிரி சத்தம் வந்தா அடுத்த பீஸ். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பியை அழுத்தி வாசிச்சு, போனில் இருக்கிற ட்யூனர் ஆப்ல பாருங்க. சும்மா மீட்டின அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் சரியா வரணும். கம்பியைக் கட்டியிருக்கிற பிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு தாளை நுழைச்சுப் பாருங்க. உள்ளே போச்சுன்னா பிசின் விட ஆரம்பிச்சிருக்குன்னு அர்த்தம். 'ட்ரஸ் ராட்' இருக்கான்னு கண்டிப்பாக் கேளுங்க. கழுத்துக்குள்ளே ஓடுற இரும்புக் கம்பி அது. ஆறு கம்பியும் சேர்ந்து எழுபது கிலோ பக்கம் இழுக்கும் சாமி! கழுத்து வளைஞ்சா நிமிர்த்த அந்த ராட்தான் துணை.

"பிளைவுட்டா? சாலிட் வுட் இல்லையா?"ன்னு கூட வந்த எக்ஸ்பர்ட் ஃப்ரெண்ட் மூஞ்சி சுளிப்பார். விடுங்க. சாலிட் பலகை நல்லாப் பாடும், வாஸ்தவம். ஆனா ஹாஸ்டல் வெயிலுக்கும் மழைக்கும் பிளைவுட்தான் ஈடு கொடுக்கும். பலகையைவிட செட்டிங்கைப் பாருங்க.

செட்டிங் என்றதும் அங்கே பார்த்த ஒரு பொண்ணு ஞாபகத்துக்கு வருது. செகண்ட் இயர் படிக்குமாம். சின்னப் பசங்களுக்கு டியூஷன் எடுத்த நாலு மாசக் காசைக் கவரில் போட்டுக் கொண்டுவந்திருந்தது. வீட்டில் தெரியாது. மூணு கிடாரை முக்கால் மணி நேரம் மாத்தி மாத்தி வாசிச்சு, ஒண்ணை முடிவு பண்ணிடுச்சு. ஆனா கம்பி உசரம். "இதை இறக்கிக் கொடுத்தாத்தான் காசு, காக்கு!"ன்னு கவரை மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திடுச்சு. (காக்குன்னா சித்தப்பா.) கடைக்காரர் முணுமுணுத்துக்கிட்டே உள்ளே குரல் கொடுக்க, ஒரு வயசான மிஸ்திரி வந்தார். பிரிட்ஜ் மேல் செருகியிருக்கிற வெள்ளைத் துண்டை உருவி, உப்புத்தாளில் தேய்ச்சார். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஒரு மில்லிமீட்டர் இறங்கணும்னா அங்கே ரெண்டு மில்லிமீட்டர் தேய்க்கணும். ஒரேயடியாத் தேய்ச்சா வண்டு சத்தம் வந்துடும். அதனால தேய்க்கிறது, மாட்டுறது, அந்தப் பொண்ணுகிட்ட நீட்டுறது. நாலு தடவை! அஞ்சாவது தடவை அது எஃப் கார்டு பிடிச்சு மீட்டினப்போ, மிஸ்திரி ஒண்ணும் பேசாம பீடியைப் பத்த வெச்சுக்கிட்டார். கவர் கை மாறியது.

நீங்களும் அப்படியே கேளுங்க. தேய்க்கத் தனிக் காசு கேட்டாலும் கொடுங்க, அதில்தான் கிடாரே இருக்கு. "ஏக்டு கொம் கொருன்" (கொஞ்சம் குறைங்க) என்று பேரம் பேசி, பையும் ஒரு செட் புதுக் கம்பியும் சேர்த்துக் கேளுங்க. கம்பி மெல்லிசா இருந்தா விரலுக்கு இதம்.

பட்ஜெட் இன்னும் கொஞ்சம் நீளும்னா ஊரிலேயே யமஹாவையும் வாசிச்சுப் பாருங்க. 2019-ல் சென்னைக்குப் பக்கத்திலேயே ஆலை போட்டுட்டாங்க. மெஷின் வேலை, பீஸுக்குப் பீஸ் வித்தியாசம் குறைவு. ஆனா ஸ்கேலை அங்கேயும் எடுத்துட்டுப் போங்க.

திரும்பி வர்றப்போ கிடார் அப்பர் பெர்த்தில் உங்ககூடப் படுக்கட்டும். சீட்டுக்கு அடியில் வேண்டாம், சூட்கேஸ் இடிக்கும். கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்தி வெச்சிடுங்க. புவனேஸ்வர் தாண்டுறதுக்குள்ளே எதிர் சீட்டு அங்கிள் "தம்பி, ஒரு இளையராஜா பாட்டு வாசியேன்"னு ஆரம்பிப்பார். ட்யூன் இறக்கி வெச்சிருக்கேன் அங்கிள்னு சொல்லித் தப்பிச்சுக்கோங்க!