ஊட்டுவதும் உண்பதும்

மகளுக்கு எட்டாம் மாதம் நடக்கிறது. ஆறு மாதம் நிறைந்தபின் அவளுக்குத் திட உணவு தொடங்கினோம். கூழைக் கரண்டியால் ஊட்டுவதோடு, அவள் தன் கையாலேயே எடுத்து உண்ணத்தக்க உணவையும் முதல் வாரத்திலிருந்தே முன்னால் வைத்துவருகிறோம். எதை முதலில் கொடுப்பது, தொண்டையில் சிக்காதா, போதிய அளவு உள்ளே போகுமா என்று தோழியர் சிலர் கேட்டிருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் ஆய்வு மாணவியர். தனித்தனியே விடையெழுதுவதைவிட இங்கே எழுதுவது நலம் என்று தோன்றியது. மருத்துவம் என் துறையன்று, மொழியியல் படித்தவள். ஆகவே சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆங்கிலத்தில் இம்முறைக்குப் ‘பேபி லெட் வீனிங்’ என்று பெயர். பிரித்தானியாவின் கில் ராப்லி இதனைப் பரவலாக அறியச் செய்தவர். டிரேசி மர்க்கெட்டுடன் இணைந்து அவர் எழுதிய நூல் 2008இல் வெளிவந்தது. இத்தொடரைப் ‘பால் மறக்கடித்தல்’ என்று தமிழாக்கினால் பொருள் திரிந்துவிடும். பிரித்தானிய வழக்கில் ‘வீனிங்’ என்பது திட உணவு தொடங்குவதைக் குறிக்கும். நம் வழக்கில் பால் மறக்கடிப்பது தாய்ப்பாலை நிறுத்துவது. இங்கே எதையும் மறக்கடிப்பதில்லை. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அதன்பின் இரண்டு வயது வரையோ அதற்கு மேலுமோ தாய்ப்பாலோடு பிற உணவு என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆகவே ‘தானே உண்ணல்’ என்றே சொல்லிக்கொள்கிறேன்.

தமிழில் ‘உண்’ தன்வினை. ‘ஊட்டு’ அதன் பிறவினை. ‘காண்’ என்பதிலிருந்து ‘காட்டு’ பிறப்பதைப் போன்றது இது. ‘தின்’ என்பதற்கும் ‘தீற்று’ என்றொரு பிறவினை உண்டு. தமிழில் அது அருகிவிட்டது, மலையாளத்தில் உயிரோடிருக்கிறது. அங்கே கால்நடைத் தீவனத்துக்குத் ‘தீற்ற’ என்று பெயர். ‘அம்மா குழந்தைக்குச் சோறூட்டினாள்’ என்னும்போது குழந்தை நான்காம் வேற்றுமையில் நிற்கிறது. செயல் அதனிடம் வந்துசேர்கிறது. ‘குழந்தை சோறு உண்டது’ என்னும்போது குழந்தை எழுவாயாகிறது. நம் வீடுகளில் ஓராண்டு, ஈராண்டு வரை குழந்தையின் உணவைப் பற்றிப் பேசப் பெரும்பாலும் பிறவினையே புழங்குகிறது. நிலாவைக் காட்டி ஊட்டினோம். இப்போது கைப்பேசியைக் காட்டி ஊட்டுகிறோம். தானே உண்ணலில் சோற்றைக் காட்டினால் போதும். மீதி வினை குழந்தையுடையது.

ஆனால் அந்த வினைக்கு உடல் ஆயத்தமாக வேண்டும். சிறிதளவு தாங்கலோடு நிமிர்ந்து உட்காரவேண்டும், தலை நிலைத்திருக்கவேண்டும், வாயில் வைத்ததை நாக்கு தானாக வெளியே தள்ளும் அனிச்சைச் செயல் தணிந்திருக்கவேண்டும், கண்டதைக் கையால் பற்றி வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். இவை ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் கூடிவருகின்றன. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கும் வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளுக்கும் மருத்துவரைக் கேட்டே தொடங்கவேண்டும்.

இனி உணவு. நான் பிறந்து வளர்ந்த மாட்டுப்பட்டியில் இதற்கு வெளிநாட்டுப் பண்டம் எதுவும் தேவைப்படவில்லை. வட்டவடை, காந்தளூர் மலைச்சரிவுகளின் கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு மூணாறுச் சந்தையில் கிடைக்கின்றன. கேரட்டை விரல் நீளத்துக்கு அரிந்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் அழுத்தினால் நசுங்கும் வரை ஆவியில் வேகவைக்கிறேன். ஆறு மாதக் குழந்தை உள்ளங்கையால்தான் பற்றும்; நுனிவிரலால் பொறுக்கும் திறன் பின்னரே வரும். ஆகவே முட்டியைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும் துண்டே அதற்கு உதவும். பழுத்த நேந்திரம்பழத்தை ஆவியில் வைத்து நீளவாக்கில் அரிந்து தருவது மலையாள அண்டைவீட்டாரிடம் கற்றது. இட்லியை நீளத் துண்டாக்கலாம். கேப்பை மாவைக் கூழாக்காமல் சற்றே கெட்டியாகக் களி கிண்டி விரல்போல் உருட்டினால், எங்கள் பாட்டிமார் அறிந்த அதே உணவு குழந்தையின் கைக்கு ஏற்றதாகிவிடுகிறது. நன்றாக வெந்த முட்டைப் பொரியலின் கீற்று, முள் நீக்கிய மீன், மென்மையாக வெந்த கோழி ஈரல், குழைந்த பருப்பில் முருங்கைக்கீரை சேர்த்துப் பிடித்த உருண்டை ஆகியவை பின்னர் வந்தன. முட்டை, மீன், நிலக்கடலை போன்றவற்றை ஒவ்வொன்றாக, சில நாள் இடைவெளியில் அறிமுகப்படுத்தினோம். ஒவ்வாமை எழுந்தால் காரணம் தெரியவேண்டும் அல்லவா. நிலக்கடலையை அரைத்துக் கூழில் கலந்தே தந்தோம்.

தரக்கூடாதவற்றின் பட்டியலும் முக்கியம். முழு நிலக்கடலை, முழுத் திராட்சை, பச்சைக் கேரட், பச்சை ஆப்பிள் துண்டு, வட்டமாகவும் கெட்டியாகவும் உள்ள எதுவும் மூச்சுக்குழலை அடைக்கவல்லது. ஓராண்டு நிறையும் வரை தேன் ஆகாது. அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிரி வித்துகள் கைக்குழந்தைக்குக் கடும் நஞ்சேற்றத்தை விளைவிக்கலாம். தென்மாவட்டங்களிலிருந்து எங்கள் முன்னோர் கொண்டுவந்த ‘சேனை தொட்டு வைக்கும்’ சடங்கில் பிறந்த குழந்தையின் நாவில் தேனையோ சர்க்கரைத் தண்ணீரையோ தடவுவார்கள். வாழ்த்து இருக்கட்டும், தேன் வேண்டாம் என்று உறவினரிடம் அப்போதே சொல்லிவிட்டோம். உப்பும் சர்க்கரையும் சேர்ப்பதில்லை.

ஓக்காளத்தையும் அடைப்பையும் பிரித்தறிவது இன்றியமையாதது. ஓக்காளம் ஓசையுடையது: குழந்தை இருமும், முகம் சிவக்கும், துண்டைத் தானே முன்னுக்குத் தள்ளும். அடைப்பு பெரும்பாலும் ஓசையற்றது: அழுகையும் இருமலும் வராது, நிறம் மாறும். அதனால்தான் உண்ணும் குழந்தையை ஒரு நொடியும் தனியே விடலாகாது என்பது இம்முறையின் முதல் விதி. அடைப்புக்கான முதலுதவியை வீட்டில் ஒருவரேனும் முன்கூட்டியே கற்றிருக்கவேண்டும். நியூசிலாந்தில் 206 குடும்பங்களைக் கொண்டு நடந்த பிளிஸ் என்னும் ஆய்வின் முடிவுகள் 2016, 2017ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. தானே உண்ட குழந்தைகளுக்கு அடைப்பு கூடுதலாக நேரவில்லை என்பது அதன் முடிவுகளுள் ஒன்று. ஆனால் அந்தப் பெற்றோர் எதை எந்த வடிவில் தரவேண்டும் என்று அறிவுறுத்தப்பட்டவர்கள். ஒவ்வொரு வேளையும் இரும்புச்சத்துள்ள உணவு ஒன்றேனும் வைக்கவேண்டும் என்பது அவ்வறிவுரையில் அடங்கும். இதை விட்டுவிட்டு முடிவை மட்டும் மேற்கோள் காட்டுவது முறையன்று.

இதைவிடப் பழைய ஆய்வொன்றும் உண்டு. அமெரிக்க மருத்துவர் கிளாரா டேவிஸ், பால்குடி மறந்த நிலையிலிருந்த குழந்தைகளின் முன் பலவகை எளிய உணவுகளை வைத்து, வேண்டியதைத் தாமே தேர்ந்துண்ண விட்டார். முதல் அறிக்கை 1928இல் வந்தது. 1939இல் 15 குழந்தைகளைப் பற்றிப் பேசினார். குழந்தைகள் நன்றாக வளர்ந்தனர். ‘குழந்தையின் உடலுக்கே எல்லாம் தெரியும்’ என்பதற்கு இன்றும் இந்த ஆய்வைச் சான்று காட்டுகிறார்கள். ஆனால் சூட்சுமம் உணவுப் பட்டியலில்தான் இருக்கிறது என்று டேவிஸே சொன்னார். அப்பட்டியலில் இறைச்சி, ஈரல், முட்டை, தானியம், காய், கனி எல்லாம் இருந்தன; சர்க்கரையும் தீட்டிய மாவும் இல்லை. குழந்தை எதைத் தேர்ந்தாலும் நல்லதாகவே இருக்கும்படி பெரியவர் முன்பே தேர்ந்துவிட்டார். குழந்தை கை நீட்டினால் மட்டும் கரண்டியை நீட்டுவதற்கு அருகில் ஒரு செவிலியும் அமைதியாக உட்கார்ந்திருந்தார். அந்தச் செவிலியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரும்புச்சத்தை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் எனில், தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி (2019–21) நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. கேரளத்தில் 39 விழுக்காடு. எங்கள் லயங்களில் குழந்தை தன் கையால் பிடித்துத் தின்னும் முதல் பண்டம் பெரும்பாலும் சாயாவில் நனைத்த ரஸ்க்தான். ஒரு வகையில் அதுவும் தானே உண்ணல். குழந்தைக்கு அதில் கொள்ளை விருப்பம். ஆனால் தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் தாவர உணவின் இரும்பை உடல் ஏற்பதைத் தடுக்கும். மாட்டுப்பட்டி என்ற பெயரிலேயே மாடும் பட்டியும் இருக்கின்றன. 1963இல் தொடங்கிய இந்தோ–சுவிஸ் கால்நடைத் திட்டமும் இங்கேதான். ஆயினும் பசும்பாலில் இரும்பு மிகக் குறைவு. முதல் ஆண்டில் அதைத் தாய்ப்பாலின் இடத்தில் வைக்கவேண்டாம் என்பதே பொதுவான மருத்துவ அறிவுரை. அங்கன்வாடியில் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளுக்குத் தரும் அமிர்தம் பொடியில் கோதுமையோடு கடலைப்பருப்பு, சோயா, நிலக்கடலை இருக்கின்றன. அதைக் கெட்டியாகக் கிண்டினால் கையிலெடுத்து உண்ணவும் ஆகும். சர்க்கரை சேர்ந்தது என்பதால் நாங்கள் அளவாகவே தருகிறோம்.

இவ்வளவையும் நான் விளக்கியபோது அம்மா கேட்டது ஒரே கேள்வி: “இம்புட்டையும் கீழ சிந்திட்டா வயித்துக்குள்ள எவ்வளவு போச்சுன்னு எப்படிம்மா தெரியும்?”

அம்மா கொழுந்து கிள்ளி ஓய்வுபெற்றவர். நான் பிறந்த காலத்தில் மகப்பேற்று விடுப்பு 12 வாரம். அது முடிந்ததும் என்னைத் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில் விட்டுவிட்டு மலையேறினார். ஐம்பது பெண் தொழிலாளரோ அவர்களுடைய இருபது குழந்தைகளோ உள்ள தோட்டத்தில் காப்பகம் வேண்டும் என்று விதித்தது 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம். காப்பகம் இருந்தது, ஆயா ஒருவர், பிள்ளைகள் பலர். ஒரு கிண்ணம், ஒரு கரண்டி, வரிசையாக வாய்கள். அந்தக் கணக்கில் ஊட்டுவது ஒன்றே முடியும். காலையில் கொடுத்தனுப்பிய கூழ்க்கிண்ணம் மாலையில் காலியாகத் திரும்பினால் பிள்ளை பசியாறியது என்று பொருள். கிண்ணத்தின் அடியைப் பார்த்துத்தான் அம்மா அந்நாளை அறிந்தார். அவருடைய கேள்வி அறியாமையிலிருந்து எழவில்லை. அருகில் இருக்க இயலாத தாய்க்குக் கிடைத்த ஒரே அளவுகோலிலிருந்து எழுந்தது.

குழந்தை சிறுகையால் அளைந்த கூழைக் குறள் புகழ்கிறது. நெய்ச்சோற்றை மேலெல்லாம் சிதறும் குழந்தையைப் புறநானூற்றின் 188ஆம் பாடல் காட்டுகிறது. தானே உண்ணல் நம் மரபுதான் என்று நிறுவ இவ்விரண்டும் எளிதில் மேற்கோளாகும். நானும் முதலில் மகிழ்ந்தேன். ஆனால் அந்தப் புறப்பாடலைப் பாடிய அறிவுடை நம்பி பாண்டிய மன்னன். சிந்திய சோற்றைக் கூட்டித் துடைத்த கை அப்பாடலில் இல்லை. சிந்துவதை அழகென்று காண, சிந்தினால் குறையாத சோறும், துடைக்க வேறொருவரும், பார்த்துக்கொண்டிருக்க நேரமும் வேண்டும்.

நேரம்தான் இதன் மையம். என் மகள் ஒரு வேளை உண்ண நாற்பது நிமிடம் ஆகிறது; அந்த நாற்பது நிமிடமும் ஒருவர் எதிரில் இருக்கவேண்டும். டேவிஸின் செவிலி செய்த வேலை அது. ஆய்வு மாணவியருக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் 240 நாள் விடுப்பை அனுமதிக்கின்றன. அதனால் நான் உட்கார்ந்திருக்கிறேன். அடுத்த லயத்து மதினி கொழுந்து கிள்ளுகிறார். 2017ஆம் ஆண்டுத் திருத்தம் 12 வாரத்தை 26 வாரமாக்கியது பெரிய மாற்றமே. ஆனால் 26 வாரம் என்பது ஆறு மாதம்; பேற்றுக்கு முன்பே சில வாரம் எடுத்திருந்தால் அதனினும் குறைவு. திட உணவு தொடங்கும் நாளில் விடுப்பு முடிந்துவிடுகிறது. குழந்தைக்கு 15 மாதமாகும் வரை நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளைகளைச் சட்டம் தந்தது. குழந்தை எடுத்து, பிசைந்து, சிந்தி, மீண்டும் எடுப்பதற்கான இடைவேளையை எச்சட்டமும் நினைக்கவில்லை.

ஆகவே கேட்ட தோழியருக்கு என் விடை இது. முழுமையும் தானே உண்ணவேண்டும் என்னும் நோன்பு தேவையில்லை. கரண்டியும் கையும் பகையல்ல. குழந்தை வாய் திறந்தால் ஊட்டுங்கள். முகத்தைத் திருப்பினால் நிறுத்துங்கள். இது கரண்டிக்கும் பொருந்தும் நெறி. ஒரு நாளில் ஒரு வேளையேனும், வீட்டார் சேர்ந்து உண்ணும் இராச்சாப்பாட்டிலாவது, குழந்தையைப் பக்கத்தில் உட்காரவைத்து நசுங்கும் மூன்று துண்டுகளை முன்னால் வையுங்கள்: ஒன்று இரும்புச்சத்துள்ளது, ஒன்று பசியாற்றுவது, ஒன்று எளிதில் பிடிக்கத்தக்கது. மதினி அப்படித்தான் செய்கிறார். பகலில் அவருடைய மாமியார் கூழ் ஊட்டுகிறார். இரவில் பையன் கேப்பைக் களியோடு மல்லுக்கட்டுகிறான். சாயாவில் நனைத்த ரஸ்க் இருந்த இடத்தில் இப்போது வெந்த முட்டைக் கீற்று.

அம்மா இன்னும் கிண்ணத்தின் அடியைப் பார்க்கிறார். பார்க்கட்டும். மகளின் எடையை அங்கன்வாடியில் மாதந்தோறும் குறித்துவருகிறோம். வளர்ச்சிக்கோடு ஏறுமுகமாக இருக்கிறது என்பதை அவரிடம் காட்டியிருக்கிறேன். அவருடைய கேள்விக்கு நேர்மையான விடை அந்தக் கோடுதான்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் குழந்தையின் முதல் உணவுக்கு என்ன பெயர்? எங்கள் பக்கம் மம்மு, சோச்சி என்கிறோம். மலையாளத்தில் கூழ்போல் காய்ச்சியதைக் குறுக்கு என்கின்றனர். அந்த உணவை யார் கொடுத்தார், எப்போது கொடுத்தார், அவருக்கு அன்று எவ்வளவு நேரம் இருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தொகுத்துவைக்க விரும்புகிறேன்.