தொட்டிமேல் ஒரு பை

பொழுது புலர்வதற்கு முன்பே கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் சைக்கிள் தடம் விழித்துக் கொள்கிறது. 1970களின் தொடக்கத்தில் உலக வங்கியின் உதவியோடு அமைக்கப்பட்ட தடம் அது. மோட்டார் சைக்கிள்களுக்கென்றே உலகில் தனியாகப் போடப்பட்ட முதல் தடம் என்று சாலைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் அதனைக் குறிப்பிடுவர். அந்தப் பெருமை அதன்வழி போகிறவர்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, தொழிற்சாலைக்கும் அலுவலகத்திற்கும் துறைமுகத்திற்கும் பள்ளிக்கும் அவர்கள் நாள்தோறும் அதன்வழியேதான் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர், பிரிக்பீல்ட்சில் குடியிருந்து கிள்ளான் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் பணிபுரியும் ஆசிரியர். போக ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர், வரவும் அவ்வளவே.

ஆசிரியர் தொழிலைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். ஆசிரியர் சுமக்கும் பாரத்தைப் பற்றி எழுதியவர் குறைவு. இங்கே சொல்வது உவமைப் பாரமன்று. கையால் தூக்கும் பாரம். ஒரு வகுப்பில் 37 மாணவர் என்றால் 37 பயிற்சிப் புத்தகங்கள். பள்ளியில் திருத்தி முடிக்க நேரம் வாய்ப்பதில்லை. ஆகவே அவை மாலையில் வீட்டிற்குப் போகின்றன, காலையில் பள்ளிக்குத் திரும்புகின்றன. கார் வைத்திருப்பவர் பின்னிருக்கையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கோ அது அன்றாடச் சிக்கல்.

பல ஆண்டுகள் அவரிடம் இருந்தது, மக்கள் ‘கப்சாய்’ என்று அழைக்கும் சிறு வண்டி. 1958இல் ஜப்பானில் பிறந்த ஹோண்டா சூப்பர் கப் வண்டியின் வழிவந்த குடும்பம் அது. எண்ணெய் குறைவாகக் குடிக்கும். எந்தப் பட்டறையிலும் பழுது பார்க்கலாம். வேட்டி கட்டியவரும் சேலை கட்டியவரும் எளிதில் ஏறி அமரலாம். அப்படி அமர முடிவதற்குக் காரணம், அதன் பெட்ரோல் தொட்டி முழங்கால்களுக்கு இடையே இல்லாமல் இருக்கைக்கு அடியில் இருப்பதுதான். அதனால் முன்னால் பை வைக்க மேடை இல்லை. ஒரு கம்பிக்கூடை மாட்டலாம். கால்களுக்கு நடுவே உள்ள கொக்கியில் காய்கறிப் பையைத் தொங்கவிடலாம். பின்னால் ஒரு பெட்டி பொருத்தலாம். அவர் எதையும் செய்யவில்லை. புத்தகக் கட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பின்தாங்கியில் வைத்து ரப்பர்க் கயிற்றால் இழுத்துக் கட்டுவார். “இருபது வருஷமா இப்படித்தான் போறேன், ஒன்றும் ஆகவில்லை” என்பார். ஒன்றும் ஆகாத இருபது ஆண்டுகள் மனிதனை எப்படிக் கெடுத்துவிடுகின்றன!

கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. அதிலும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் மழை, பள்ளி முடியும் நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வருவதுபோல வரும். அப்படியொரு நவம்பர் மாலையில் ஷா ஆலாமைத் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. அவர் மழைச்சட்டை அணிந்து மேலே சென்றார். பின்னால் காற்றின் வேகத்தில் பிளாஸ்டிக் பை படபடத்துத் தாங்கியின் கம்பியில் உரசிக் கிழிந்ததும், கயிறு நெகிழ்ந்ததும் அவருக்குத் தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் நடப்பது யாருக்குத்தான் தெரிகிறது?

அன்றிரவு பிரிக்பீல்ட்ஸ் வீட்டின் கூடம் முழுவதும் மூன்றாம் ஆண்டு மாணவர்களின் கட்டுரைப் புத்தகங்கள் விரிந்து கிடந்தன. மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுழன்றது. அவரும் மனைவியும் ஒட்டிக்கொண்ட தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். அப்போதுதான் அந்த விந்தையைக் கண்டார்கள். பிள்ளைகள் பென்சிலால் எழுதியவை அப்படியே நின்றன. பென்சிலின் கரி தண்ணீரில் கரைவதில்லை. ஆசிரியரின் சிவப்பு மை மட்டும் கரைந்து, பக்கமெல்லாம் இளஞ்சிவப்பாய் ஓடியிருந்தது. “பிள்ளைங்க எழுதினதுக்கு ஒன்னும் ஆகலைங்க. நீங்க எழுதினதுதான் போயிடுச்சு” என்றார் மனைவி. ஆசிரியர் சிரித்தார். பிறகு எண்ணிப் பார்த்தார். 36 இருந்தன.

மறுநாள் காலை தடத்தின் ஓரமாய் மெல்ல ஓட்டிக்கொண்டு தேடினார், கிடைக்கவில்லை. வகுப்பில் அந்த மாணவனை அழைத்து, புத்தகம் தொலைந்தது தம் தவறு என்று சொன்னார். தம் தவற்றை மாணவனிடம் ஒப்புக்கொள்வது எளிதன்று; ஒப்புக்கொள்ளாதவர்கள் நிறைய உண்டு. “பரவாயில்ல சார், திரும்ப எழுதித் தர்றேன்” என்றான் அவன். எழுதியும் தந்தான். தொலைந்து போனது இரண்டு பக்கக் கட்டுரை. அதிலே லாரி ஓட்டும் அவன் தந்தை வெளியூரிலிருந்து எந்த நாளில் வருவார், வரும்போது என்ன வாங்கி வருவார், வராத நாட்களில் அவன் வாசலில் என்ன செய்வான் என்றெல்லாம் இருந்தன. திரும்ப எழுதியதில் ஏழே வரிகள். பிழை ஒன்றுகூட இல்லை. தந்தையும் இல்லை.

அந்த ஏழு வரிகளுக்குப் பிறகுதான் அவர் பையைப் பற்றி எண்ணத் தொடங்கினார்.

அடுத்த ஆண்டு பழைய வண்டியை விற்றுவிட்டு, முழங்கால்களுக்கு நடுவே தொட்டி உள்ள வண்டி ஒன்றைக் கைமாற்றாக வாங்கினார். அந்தத் தொட்டியின் மேல் வைக்கும் பைக்குத் தொட்டிப் பை என்று பெயர் சொல்லலாம். நெடும்பயணம் போகிற இளைஞர்கள் வைத்திருப்பதைப் பார்த்து, அது வேடிக்கைப் பொருள் என்றே நம்மவர் பலர் நினைக்கின்றனர். அன்றாடம் வேலைக்குப் போகிறவனுக்குத்தான் அது மிகவும் பயன்படும். பாரம் வண்டியின் நடுவில், தாழ்வாக அமைகிறது. பின்னால் கட்டினால் வண்டியின் வால் ஆடும். முதுகில் சுமந்தால் முப்பது கிலோமீட்டரில் தோள் வலிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பை கண்ணெதிரே இருக்கிறது.

கிள்ளானில் உதிரிப்பாகம் விற்கும் கடையொன்றில், காந்தம் வைத்த பையொன்றை அவர் முதலில் எடுத்தார். அழகான பை; விலையும் கூடுதல். கடைப் பையன் அவருடைய வண்டியை எட்டிப் பார்த்துவிட்டு, “சார், இது உங்களுக்கு வேணாம்” என்றான். தன் சாவிக்கொத்தில் தொங்கிய சிறு காந்தத்தைக் கழற்றித் தொட்டியில் வைத்தான், நழுவி விழுந்தது. தொட்டி இரும்புதான், ஆனால் அதன்மேல் பிளாஸ்டிக் மூடி. இக்காலத்து வண்டிகள் பலவற்றில் இப்படித்தான். சில வண்டிகளில் தொட்டியே அலுமினியம். அங்கும் காந்தம் ஒட்டாது. கடைக்குப் போகுமுன் வீட்டிலுள்ள ஒரு காந்தத்தைத் தொட்டியில் வைத்துப் பார்த்தால் இந்தச் சங்கடம் இல்லை. விற்க வந்தவனே வேண்டாம் என்று சொன்னது அவருக்கு வியப்பாக இருந்தது. நல்ல வியாபாரி அப்படித்தான் சொல்வான்.

இன்னொரு வகையில், பெட்ரோல் மூடியைச் சுற்றியுள்ள திருகாணிகளில் ஒரு வளையத்தைப் பொருத்தி, பையை அதன்மேல் சொடுக்கி மாட்டிவிடலாம். நம் சாலைகளில் வண்டிகளின் பின்னால் தெரியும் பெட்டிகளால் பலரும் அறிந்த கிவி நிறுவனம் இவ்வகைப் பைகளையும் செய்கிறது. பந்தய வீரராக இருந்த ஜுசெப்பே விசென்சி என்பவர் 1978இல் இத்தாலியில் தொடங்கிய நிறுவனம் அது. தம் பெயரின் முதலெழுத்துகளையே அதற்குப் பெயராக்கினார். வளையம் வண்டிக்கு வண்டி மாறும். ஆசிரியரின் பழைய வண்டிக்குப் பொருந்தும் வளையம் கடையில் இல்லை. கடைசியில் வாங்கியது வார்ப்பட்டைகளால் கட்டும் பை. முன்வார் கைப்பிடித் தண்டின் கழுத்தைச் சுற்றும். பின்வார்கள் இருக்கைக்கு அடியில் போகும். நாகரிகமற்றதுதான், ஆனால் எந்தத் தொட்டிக்கும் பொருந்தும், எளிதில் விழாது.

அளவில்தான் அவர் தடுமாறினார். 37 புத்தகங்களும் கிடைமட்டமாக அடங்க வேண்டுமென்று இருபது லிட்டர்ப் பையைக் கேட்டார். பையன் அதைத் தொட்டிமேல் வைத்து, கைப்பிடியை இடப்பக்கம் முழுதும் திருப்பினான். பையின் விளிம்பு ஹார்ன் பொத்தானை அழுத்த, கடைவீதியே திரும்பிப் பார்த்தது. பை வாங்குவோர் செய்ய வேண்டிய சோதனை இது ஒன்றுதான் என்றாலும் தகும். இருபுறமும் முழுதும் திருப்பிப் பார்க்க வேண்டும். எதையும் தொடக் கூடாது. இருக்கையில் அமர்ந்தால் வேகமானி தெரிய வேண்டும். சாவித்துளை மறையக் கூடாது. மார்புக்கும் பைக்கும் இடையே இடைவெளி வேண்டும். பன்னிரண்டு லிட்டர்ப் பையோடு அவர் வீடு திரும்பினார். புத்தகங்களை இரண்டு அடுக்காக நிமிர்த்தி வைத்தால் அதில் அடங்கும் என்பதை மனைவி கண்டுபிடித்தார்.

பயன்படுத்தத் தொடங்கிய பிறகு கற்றவை வேறு. முதல் மாதத்திலேயே தொட்டியின் பளபளப்புப் போய்க் கீறல் விழுந்தது. பையின் அடியில் சேர்ந்த மணல்துகள், வண்டியின் அதிர்வில் உப்புத்தாள்போல் தேய்த்துவிட்டது. அதுமுதல் ஞாயிற்றுக்கிழமைதோறும் பையைக் கழற்றி இரு பக்கமும் ஈரத்துணியால் துடைக்கிறார். இடையில் மெல்லிய துணியொன்றும் விரித்திருக்கிறார். எண்ணெய் ஊற்றும்போது பின்வார்களை அவிழ்த்துப் பையை முன்னால் சாய்க்க வேண்டும். பின்னால் வரிசையில் நிற்பவர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

பூட்டு, வெந்நீர்க் குடுவை, கருவிகள் போன்ற கடினமான பொருள் எதையும் அதில் வைப்பதில்லை. திடீரென்று நிறுத்த நேர்ந்தாலோ மோத நேர்ந்தாலோ, ஓட்டுபவரின் வயிறு முன்னோக்கித் தொட்டிமேல்தான் போய் இடிக்கும். இடையில் இருப்பது புத்தகமாக இருந்தால் பிழைத்தார். இரும்பாக இருந்தால் என்னாவது? தலைக்கவசம் 1973இலேயே நம் நாட்டில் கட்டாயமாக்கப்பட்டது. வயிற்றுக்குக் கவசம் இல்லை.

மழையுறை பையோடு இலவசமாக வந்தது. அதை அவர் முழுதும் நம்பவில்லை. பலத்த மழையில் தையல் வழியே நீர் கசிகிறது. ஜிப்பு வழியே இன்னும் அதிகம். எனவே புத்தகங்களைத் தடித்த பிளாஸ்டிக் உறையிலிட்டு, வாயை இருமுறை மடித்து, அதன்பிறகே பையில் வைக்கிறார். திருடரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளத்தாக்கில் வழிப்பறிக்குப் பஞ்சமில்லை. முன்கூடையில் கைப்பையை வைத்துப் போன பெண்கள் அதை இழந்ததும், பையின் வாரோடு இழுபட்டு விழுந்ததும் பலரும் அறிந்ததே. ஆசிரியரின் பையில் பணமோ கைத்தொலைபேசியோ இருப்பதில்லை. வண்டியை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் நகர்ந்தாலும் பையைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொள்கிறார். ஜாலான் துன் சம்பந்தனில் தேநீர் குடிக்கப் போனாலும் அது கூடவே போகிறது. நண்பர்கள் கேலி செய்வதுண்டு. மூன்றாம் ஆண்டுக் கட்டுரைகளை எவன் திருடப் போகிறான் என்று கேட்பார்கள். அவர் பதில் சொல்வதில்லை.

சென்ற அக்டோபரில் மறுபடியும் மழை. சுபாங்கை நெருங்கும்போது எதிரே சாலை தெரியாத அளவு கொட்டியது. பாலங்களின் கீழே வளைவுகளில் ஒதுங்கி நிற்பவர்கள் மேல் பின்னால் வரும் வண்டிகள் மோதிய துயரங்கள் உண்டு. ஆகவே அவர் அங்கெல்லாம் நிற்காமல், மோட்டார் சைக்கிளோட்டிகளுக்கென்று தடத்தோரம் அமைத்திருந்த கூரையின் கீழ் போய் வண்டியை நிறுத்தினார். அங்கே ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஈரம் சொட்டும் கையைச் சட்டைக்குள் விட்டுத் துடைத்துக்கொண்டு, அவர் உறையை நீக்கி ஜிப்பைத் திறந்தார். பக்கத்தில் நின்ற மலாய் இளைஞர் எட்டிப் பார்த்து, அவ்வளவும் என்ன என்று மலாயில் கேட்டார். கட்டுரைப் புத்தகங்கள் என்றார் ஆசிரியர். இளைஞர் தம் கைத்தொலைபேசியின் விளக்கைப் போட்டுப் பையின்மேல் பிடித்தார்.

ஆசிரியர் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். 37 இருந்தன. எல்லாம் உலர்ந்திருந்தன. சட்டைப் பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து, முதல் புத்தகத்தை விரித்துத் திருத்தத் தொடங்கினார்.